மூன்றாம் இலக்கம்

மூன்றுக்குப் பூச்சியம்.
இரண்டாம் இடத்துக் கிண்ணத்தை
வாங்கியதும் தலைகீழாய்ப் பிடித்தபடி
றெமீசியஸ் ஒலிவாங்கியைக் கேட்டான்.

நன்றி சொல்லப்போகிறான் என்றுதான்
அறிவிப்பாளர் நீட்டினார்.
பின்னேரம் முழுக்க எங்களைக்
கடற்சுடரின் கானகச் சிங்கங்கள் என்று
கூவி விற்றவர்.
பிறகு அவருக்குச் சொல் வரவில்லை.

"கிறேசியன் கோலுக்குள்ளை நித்திரை.
நிலக்சன் பந்துக்கு விளையாடேல்லை,
கமராவுக்கு விளையாடினவன்.
மூண்டாம் நம்பர் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டது,
வகுப்பிலை ஒண்டுக்குக் கேக்கிற பெடியன் மாதிரி.
பதினொரு பேர் எண்டு இறங்கினம்.
எண்ணிப் பாத்தன்.
நாலு பேர்."

சனம் சிரித்தது.
எங்கள் சனமும்தான்.
பேச்சு முடிந்ததென்று நினைத்து
பிரதம விருந்தினர் கைதட்டினார்.
ஒலிபெருக்கி நான்கு திசைக்கும் கட்டியிருந்தது,
ஒன்று கடலைப் பார்த்து.

அவன் சொன்னதில் பொய் இல்லை.
இரண்டாவது கோலுக்கு
கொடிக்காரரைப் பார்த்து
ஓஃப்சைட் என்று கையை உயர்த்தினேன்.
கொடி எழும்பவில்லை.
என் கை இறங்கவில்லை.
அவர்களின் ஏழாம் இலக்கம்
திறந்துவிட்ட படலைக்குள் போவதுபோல
என் கைக்குக் கீழால் போனான்.

ஆனால் கிறேசியன்
முதல்நாள் இரவு
கடலட்டைப் பண்ணையில் காவல்.
விடியும்வரை தண்ணீருக்கு ரோச் அடித்தவன்.
அந்த வேலையை எடுத்துக்கொடுத்ததே
றெமீசியஸ்தான்.
அது ஒலிவாங்கிக்குள் போகவில்லை.

கிறேசியனைக் கிறேசியன் என்றான்.
நிலக்சனை நிலக்சன் என்றான்.
என்னை மட்டும்
முதுகில் இருந்து வாசித்தான்.
ஒரே நாளில் முதல்நன்மை எடுத்தவர்கள் நாங்கள்.
அவன் படமெடுத்து முடிய
அதே சப்பாத்தைக் கழற்றித் தந்தான்,
நான் எடுப்பதற்கு.
எங்கள் வீட்டுச் சுவரில்
இன்னும் அந்தச் சப்பாத்து நிற்கிறது,
என் காலில், ஒரு அளவு பெரிதாக.

லாண்ட்மாஸ்டர் பெட்டியில் திரும்பினோம்.
அவன் வரவில்லை, கிண்ணம் வந்தது.
பாசையூர் முடக்கில்
அங்குமிங்கும் உருண்டு
எங்கள் கால்களில் முட்டியது.
பிடித்து நிமிர்த்த
ஒருவருக்கும் மனமில்லை.

இரவு பத்தரைக்கு
சுவிசிலிருந்து அண்ணன்.
நேரலையில் பார்த்தானாம்.
"உன்னைத்தானே சொன்னவன்?"
இல்லை என்றேன்.
"மூண்டு நீதானே?"
லைன் சரியில்லை என்றேன்.

குசினிக்குள் அம்மா
ஒன்றும் கேளாதவ போல
நண்டுக்குத் தூள் போட்டுக்கொண்டு நின்றா.
கூடப் போட்டுவிட்டா.
சாப்பிடும்போது இரண்டு பேருக்கும்
கண்ணாலும் மூக்காலும் ஓடியது.
உறைப்பு என்று சொல்ல
ஒரு வழி இருந்தது.

செவ்வாய்க்கிழமை
பயிற்சிக்கு ஏழு பேர்.
நிலக்சன் இல்லை.
ஜேர்சியை அயன் பண்ணி, மடித்து,
தம்பியிடம் கொடுத்துவிட்டிருந்தான்.

றெமீசியஸ் வந்தான்,
பழைய வலைத்துண்டில் கட்டிய
நான்கு பந்துகளோடு.
ஆரும் ஆரையும் பார்க்கவில்லை.
கிறேசியன்தான்
கையுறைப் பட்டியைப் பல்லால் இழுத்து
இறுக்கிக்கொண்டே சொன்னான்:
"இண்டைக்கு மைக் இல்லை.
இப்ப சொல்லு."

றெமீசியஸ் குந்தியிருந்து
வலையை அவிழ்த்தான்.
நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும்
அவிழ்க்கத் தெரிந்த முடிச்சு.
நெடுநேரம் அவிழ்த்தான்.

பிறகு ஓடினோம்.
வியர்வை வந்தபின்
கொஞ்சம் இலேசாக இருந்தது.
நடுவிலிருந்து எனக்கு
நீளமாய் ஒன்று அடித்தான்.
"மூண்டு!"
நான் திரும்பவில்லை.

"மாசலின்!"

அதற்குள் பந்து
கோட்டைத் தாண்டி
கருவாடு காயும் பந்தலைத் தாண்டி
தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.
ஆர் போய் எடுப்பதென்று
அவனும் நானும்
இடுப்பில் கைவைத்து நின்றோம்.

வற்றுக் கடல்.
தூரம் போகாது.