ஆயிரத்துக்கு இரண்டு

மே மாதம் முழுக்க என் மேசைமேல்
அடுத்தவர் வருமானம்.
உதினேக்கு வடக்கே, ஆற்றோரச் சிற்றூர்,
தபால் நிலையத்தின் மாடியில்
வரிப் படிவம் நிரப்பித் தருவது என் பிழைப்பு.
கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டங்கள்:
ஆயிரத்துக்கு எட்டு தேவாலயத்துக்கு,
ஐந்து ஆம்புலன்ஸ்காரர்களுக்கோ நாய்க் காப்பகத்துக்கோ,
இரண்டு கட்சிக்கு.
உங்கள் பையிலிருந்து கூடுதலாக ஒரு காசும் போகாது,
கட்டிய வரியிலிருந்தே அரசு தரும் என்று
சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்கிறது.

பால்பண்ணை தார்சீசியோ
முதல் இரண்டில் கையெழுத்திட்டார்.
மூன்றாவதைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.
"என் மாட்டுக்குத் தருவேன்."
மாட்டுக்குக் கட்டம் இல்லை என்றேன்.
அதுதான் இந்த நாட்டின் கோளாறு என்றார்.

ஓய்வுபெற்ற செவிலி நீவெஸ் கேட்டாள்:
"இருப்பதிலேயே ஏழைக் கட்சி எது?"
தேடிச் சொன்னேன்.
"அதற்கு ஏன் ஒருவரும் தரவில்லை?"
தெரியாது.
யோசித்தாள். காலியாகவே விட்டாள்.

கல்குவாரி பொர்த்தொலூசி நேரில் வருவதில்லை.
கோப்பை ஓட்டுநர் கொண்டுவருவான்.
உள்ளே நன்கொடை ரசீதுகள் நான்கு.
நான்கு கட்சி,
ஒரே தொகை, ஒரே தேதி.
யார் ஜெயித்தாலும் அவர் தோற்பதில்லை.
நூற்றுக்கு இருபத்தாறு வரிக் கழிவு;
அதை நான்தான் கணக்கிட்டேன், என் கையால்.
தார்சீசியோ தரமாட்டேன் என்ற காசு
குவாரிக்காரர் கைவழியே போய்
அவர் பெயரில் வரவாகிறது.

இருபத்திரண்டு வயதில்
கட்சிகளுக்கு அரசுப் பணம் கூடாதென்று
வாக்களித்தவள் நான்.
அன்றிரவு சதுக்கம் முழுக்கக் கார் ஹாரன்.
தேன் எடுப்பவன் புறங்கையை நக்கலாம்,
அவர்கள் கூட்டையே தின்றிருந்தார்கள்.
அது பொய்யில்லை.
ஆனால் அந்த வீதியில் ஒரு கட்சி அலுவலகம் இருந்தது,
ஓட்டை ஹீட்டரும் ஓயாத சண்டையும்.
வாடகை கட்ட முடியாமல் மூடினார்கள்.
இப்போது குளியலறை ஓடுகளின் காட்சிக்கூடம்.
கல் யாருடைய குவாரி என்று கேட்க வேண்டாம்.

முப்பதாம் தேதி இரவு
என் படிவத்தை எடுத்தேன்.
தொழில் ரகசியம், யாரிடமும் சொன்னதில்லை.
அந்த நான்கு ரசீதில் இல்லாத கட்சியின்
குறியீட்டைத் தேடினேன்.
வாழ்நாளில் ஒருமுறைகூட நான் வாக்களித்திராத கட்சி.
அவர்கள் பேசுவதில் பாதி எனக்கு எரிச்சல்.
பதினேழு யூரோ சொச்சம்.
கையெழுத்திட்டேன்.

கீழே குவாரி லாரி போனது,
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அடுத்த மே மாதம்
அந்தக் கோப்பில் ரசீது
ஐந்தாக இருக்கலாம்.