முதல் ஏழு செக்கன்

பிழை வருவது முதல் ஏழு செக்கனில்தான்.
சின்னம் தோன்றும், ஒரு வெள்ளை வெட்டு,
பிறகு வானம் குறுக்கே கிழிந்து
மேற்பாதி கீழும் கீழ்ப்பாதி மேலுமாய்
நடுங்கும்.
தரைக்குக் கீழே கார்த்திகை மீன்.
எட்டாவது செக்கனில் எல்லாம் கறுப்பு.

நெல்லியடிப் பள்ளிக்கூட ஆய்வுகூடம்.
வெளியே மூன்றாம் நாள் மழை.
ஏழு மணிக்கு முப்பத்தொரு பிள்ளைகள் வருவார்கள்,
தொலைகாட்டியில் சனியைக் காட்டுகிறேன் என்று சொன்னது நான்.
முகிலைத் திருத்த முடியாது.
இதைத் திருத்தலாம் என்று அதிபரிடம் சொல்லிவிட்டேன்.

யூட் தொலைபேசியில் சொன்னான்:
"ட்ரைவரைக் கழட்டிப்போட்டுத் திரும்பப் போடு."
போட்டேன்.
"வளிமண்டலத்தை நிற்பாட்டிப் பார்."
நிற்பாட்டினேன்.
வளி இல்லாத வானத்திலும் அதே கிழிசல்.
"அப்ப கிராபிக்ஸ் காட்டை விடு.
மென்பொருளே வரையிற வழி ஒன்று இருக்கு.
மெதுவாய் ஓடும். ஆனா ஓடும்."

ஓடியது.
ஏழு செக்கன் கிழிசலுக்குப் பிறகு, கறுக்காமல்.
ஒரு காட்சிக்கு இரண்டு செக்கன்.
புதுச் செருப்புக் கடித்த ஆள் மாதிரி
நிலா நின்று நின்று நகர்ந்தது.

ஆனால் துருவ நட்சத்திரம்
உச்சிக்குப் பாதி வழியில் தொங்கியது.
பெட்டி நன்கொடை, ரொரன்ரோவிலிருந்து.
தந்தவர் தன் வானத்தை அழிக்காமல் அனுப்பிவிட்டார்.
அமைப்புக் கோப்பில் அவர் ஊர், அவர் மாடியின் உயரம்,
"பல்கனி" என்று பெயரிட்ட ஓர் அடிவானம்.
எதிர்க் கட்டடங்களின் விளிம்பைப்
பாகை பாகையாய் அளந்து கீறியிருக்கிறார்.
எத்தனை குளிர் இரவு எடுத்திருக்கும்.

கோப்பை அழிப்பதுதான் வழக்கமான மருந்து.
நான் பெயரை மாற்றி ஒரு மூலையில் வைத்தேன்.

ஒன்பது தசம் எட்டு வடக்கு.
எண்பது தசம் இரண்டு கிழக்கு.
என்ரர்.
துருவம் படிப்படியாய் இறங்கி
தண்ணீர்த் தாங்கி உயரத்துக்கு வந்து நின்றது.

பிறகு எழுத்து.
ரோகிணியின் கொம்பு தனியே கழன்று
முன்னால் ஒரு புள்ளி வட்டத்தைக் குத்திக்கொண்டிருந்தது.
இடபத்தின் கண் அது,
கொம்பு கழன்றால் சரிவருமா.
மிருகசீரிடமோ முழுக்க வெறும் சதுரம்.
எழுத்துருவை மாற்ற
பெயர்கள் ஒவ்வொன்றாய்ப் பல் முளைத்து வந்தன.

அப்போதும் இது இன்றைய வானம் இல்லை.
உச்சியில் வியாழன்,
கிழக்கே ஒரு நாள் தேய்ந்த நிலா,
ரோகிணிக்குப் பக்கத்தில் சனி.
மூலையில் திகதி: 2002 தை 1, 00:00.
எத்தனை தரம் திறந்தாலும் அதே நள்ளிரவு.

துவக்குகள் ஓய்ந்து ஒரு கிழமையான இரவு அது.
நான் அன்று மேலே பார்த்தேனா, ஞாபகம் இல்லை.
பெட்டி சொல்கிறது, வியாழன் இருந்தது.

உள்ளே நாணயப் பற்றரி செத்திருக்கிறது, அவ்வளவுதான்.
மழைக்குள் சந்திக்குச் சைக்கிள் மிதித்தேன்.
போன் கடைச் சேந்தன் அட்டையோடு தூக்கிக் காட்டினான்:
"எத்தனை வேணும் மிஸ்?"
ஒன்று.
சட்டைப்பை இருந்தது, கைப்பை இருந்தது.
ஆனாலும் பற்றரியை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு
ஒற்றைக் கையால் ஓட்டி வந்திருக்கிறேன்.
பழைய தடைமுகாம் வளவைத் தாண்டியபிறகுதான்
கவனித்தேன்.

ஏழு மணி. நனைந்த குடைகள், முப்பத்தொரு தலை.
சின்னம். வெள்ளை வெட்டு. கிழிசல்.
பிறகு இன்றைய வானம், இன்றைய சனி,
மெதுவாக.

நிலக்சனா கை உயர்த்தினாள்:
"முதலில கிழிஞ்ச மாதிரி வந்திச்சே மிஸ், அது என்ன?"
"அது இன்னும் திருந்தேல்லை."
"இன்னொருக்காப் போட்டுக் காட்டுங்கோ."

மூடித் திறந்தேன்.
எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள்,
ஒன்று, இரண்டு, மூன்று,
தரைக்குக் கீழே கார்த்திகை மீன் நடுங்க
நாலு, ஐந்து,
ஆறில் கரண்ட் போனது.

இருட்டுக்குள் யாரோ
"ஏழு" என்றார்கள்.