காற்று மட்டும்

இரண்டே பொத்தான் வைத்திருந்தேன்.
‘வந்தது’. ‘வரவில்லை’.
முத்தியால்பேட்டைத் தண்ணீரைப் பற்றி
இதற்கு மேல் சொல்ல
என்ன இருக்கிறது?

அந்தப் பொத்தானும் என்னுடையதில்லை.
லாட்வியாவில் எவனோ எழுதி
எடுத்துக்கொள் என்று போட்டுவைத்த நிரல்.
வரைபடம், தெருத்தெருவாக நடந்தவர்கள்
சும்மா வரைந்து கொடுத்தது;
எங்கள் முனைப் பிள்ளையாரைக்கூட
யாரோ குறித்திருக்கிறார்,
அரைத் தெரு தள்ளி.
எழுத்துரு ஒருவர் கொடுத்தார்,
மணியோசை இன்னொருவர்.
எண்ணிப் பார்த்தேன் ஒருநாள்:
நாற்பத்தொரு பேர் தோளில்
என் செயலி உட்கார்ந்திருக்கிறது.
நான் எழுதியது அறுநூறு வரி.
அதில் பாதி தெருப் பெயர்கள்.

உரிமத்தின் அடியில் எல்லோரும்
ஒரே வாசகம் வைத்திருந்தார்கள்:
உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் கிடையாது.
பொதுப்பணித்துறைக் குழாயிலும்
அதைப் பொறித்து வைக்கலாம்.

அமலோற்பவம் என்ற கணக்கிலிருந்து
தினமும் நாலு பத்துக்கு ‘வந்தது’.
நாலு பன்னிரண்டுக்கு ‘வரவில்லை’.
மறுபடி ‘வந்தது’.
மறுபடி ‘வரவில்லை’.
தெருவே குடத்தோடு எழுந்து
என்னைத் திட்டிவிட்டுப் படுத்தது.
யாரோ விளையாடுகிறார்கள் என்று
தடைசெய்யப் போனேன்.

குறை சொல்லும் பெட்டியில்
ஒரு குரல் பதிவு கிடந்தது.
முதலில் பேச்சே இல்லை.
புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்,
நடுவே இரும்புக்கு ஒரு இருமல்.
அப்புறம் அவள்:

“கேட்டுதா? இது தண்ணி இல்ல, காத்து.
காத்து வந்தா இருபது நிமிஷத்துல தண்ணி வரும்.
சில நாள் காத்தோட போயிடும்.
மாவு பாக்கெட் போடறவ நான்.
உளுந்தைக் கழுவலாமா, லாரிக்காரனைக் கூப்பிடலாமான்னு
அந்நேரத்துக்கே முடிவு பண்ணணும்.
உங்க ரெண்டு பட்டன்ல
எதை அமுக்கறது, நீங்களே சொல்லுங்க.”

மூன்றாவதற்கு இடமில்லை.
லாட்வியாக்காரன் உலகத்தில்
ஆம் உண்டு, இல்லை உண்டு, அவ்வளவுதான்.
அவன் நிரலைத் திறந்தேன்,
பூட்டில்லாத வீட்டுக்குள்
செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற மாதிரி.
மூன்று ராத்திரி. நாற்பது வரி.
இதைச் சேர்ப்பாயா என்று அனுப்பினேன்.

“எதற்கு? ஒன்று இருக்கும், அல்லது இருக்காது” என்றான்.
பதிலை எழுதி எழுதி அழித்தேன்.
கடைசியில், அவளைக் கேட்டுக்கொண்டு,
அந்தப் பதிவையே அனுப்பினேன்.
புஸ்ஸ்ஸ்.

பதினோரு நாள் சத்தமில்லை.
பன்னிரண்டாம் நாள் ஒரே சொல்:
சேர்த்தாயிற்று.
நன்றிப் பட்டியலில் என் பெயர் ஏறியது.
அவள் பெயர் இல்லை.
அதை அன்றே கவனித்தேன்,
அன்றே சரிசெய்யவில்லை.

இப்போது கோட்டக்குப்பத்திலிருந்தும் அமுக்குகிறார்கள்.
அது வேறு மாநிலம், வேறு குழாய்.
எல்லைக்கோட்டைப் போட்டு வைத்திருந்தேன்;
ஃபர்ஹானா என்று ஒரு கல்லூரிப் பெண்
அந்த வரியை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள்,
‘எங்களுக்கும் தாகம் எடுக்கும்’ என்ற குறிப்போடு.
நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை
என்று சொல்ல ஆசை. இரண்டு நாள் யோசித்தேன்.

போன மாதம்
நேபாளத்து மலையூர் ஒன்றின் பேருந்துச் செயலியில்
எங்கள் மூன்றாவது பொத்தானைப் பார்த்தேன்:
‘வந்தது’, ‘வரவில்லை’,
‘வந்தது, நிற்கவில்லை’.
சிரித்தபடியே
நன்றிப் பட்டியலைத் திறந்து
அவள் பெயரைச் சேர்த்தேன்,
என்னுடையதற்கு மேலே.

இன்று நாலு பத்து.
பத்தொன்பது பேர் அமுக்கியாயிற்று:
காற்று மட்டும்.
வாளியோடு நானும் நிற்கிறேன்.
அமலோற்பவம் மட்டும் இன்னும்
எதையும் அமுக்கவில்லை.