ஆறாவது கட்டம்

படிவம் ஐப்பசி மழைக்கு முன்பே வந்துவிட்டது.
ஆறாவது கட்டத்தில் 'முன்னுரிமை எண்',
அடியில் பொடி எழுத்தில்: தவறாது நிரப்பவும்.

பதினோரு வருஷம் கடலூர் தாலுகா ஆபீசில் தட்டச்சு.
அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் முறை
அடித்திருப்பேனோ.
சைக்கிள் கடன் மனுவில், பட்டா மனுவில்,
கறவை மாட்டு மனுவில்.
ஒரு புள்ளி விட்டாலும்
சிவப்பு மையால் சுழித்துத் திருப்புவார் மேலாளர்.
பொருள் கேட்டுத் திருப்பியவர் இல்லை.
நானும் கேட்டதில்லை.

கெடிலம் கரை மறந்த இரவில்
பள்ளிக்கூட மாடியில் நாற்பத்தோரு பேர்,
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு நான்,
மடியில் படிவம்.
தேவனாம்பட்டினத்து இருசப்பனின் படகில்
அவன் போக ஆறு பேர் உட்காரலாம்.
ஏழாவது ஆள் ஏறினால்
எல்லோருக்குமே கடல்தான் என்றான்.

கீழேயிருந்து கத்துகிறான்: யாரும்மா முந்தி?

காற்றில் கத்துவதற்கு
என் சொல் லாயக்கில்லை.
ஆறெழுத்து,
வாயில் நுழைவதற்குள் ஒரு படி முழுகிவிடும்.

முந்தி யாரு?
அடகுக் கடை ஞானப்பழம்
ரசீதுக் கட்டை நெஞ்சோடு அணைத்து
முதலுக்கே மோசம்மா என்றார்.
ஒரு பையன் கூடையைத் திறந்து காட்டினான்,
நான்கு கோழி, எல்லாம் அடைகாக்கிறதாம்.
பலர் ஒன்றுமே சொல்லவில்லை.
அவர்களைப் பார்த்து எண் போடுவதுதான்
கையைக் கூச வைத்தது.

அஞ்சலாட்சிக்கு எட்டாவது மாதம். 1.
அழுத்தி எழுதினேன்.
அடுத்த பெயர் பாவாடை.
மூன்று நாளாய் இன்சுலின் இல்லை,
சர்க்கரை தின்ற கண்ணில்
டார்ச் அடித்தாலும் இருட்டுதான்.
2 என்று எழுதப் போனேன்.
பேனா
1 என்றே நின்றது.

அடித்துத் திருத்த நேரமில்லை.
அதற்குள் அவள் புடவை முந்தியை உதறி
அவர் கையில் கொடுத்துவிட்டாள்:
பிடிச்சுக்குங்க, படிய நான் சொல்றேன்.
ஒண்ணு. ரெண்டு. இதுல பாசி. மூணு.
முழங்கால் நீரில் இறங்கினார்கள்,
முன்னே வயிறு,
பின்னே அவர்,
நடுவில் ஒன்றரை முழம் நனைந்த நூல்சேலை.

முந்தி என்கிறோம் அதை.
கொசுவம் வைத்து, செருகி, சுற்றி முடித்து
கடைசியில் தோளுக்கு வருகிற துணி.
அன்று வரை அது எனக்கு உறைத்ததில்லை.

ஏழு நடை.
கோழிக்கூடை நான்காவது நடையில்
யார் மடியிலோ போயிற்று,
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
நாற்பத்தோரு பேரும் போக
விடியலில் ஓர் இடம் மிச்சம்.
எனக்கு எண் போடவில்லை,
ஏறிக்கொண்டேன்.

சித்திரையில் கோப்பு திரும்பி வந்தது,
மேலே 'மிக அவசரம்' முத்திரை,
உள்ளே தணிக்கைக் குறிப்பு:
வரிசை 1, 2ஆகிய இருவருக்கும்
ஒரே முன்னுரிமை எண் வழங்கப்பட்டது எங்ஙனம்?
மூன்று தினங்களுக்குள் விளக்கம் தருக.

மூன்றாம் நாள் மாலைவரை
மின்விசிறிக் காற்றில்
அந்தத் தாள் படபடத்துக் கிடந்தது.
பிறகு அடித்தேன்,
புள்ளி பிசகாமல்:

ஐயா,
இருவரும் ஒரே புடவையில் இறங்கினர்.