மூன்றாம் தவணை, எட்டாம் தரம்

எட்டு மணிக்கே கரண்ட் போய்விட்டது.
முத்தையன்கட்டுப் பக்கம் இடி.
போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்து
அந்த வெளிச்சத்தில் விஞ்ஞானம் திருத்துகிறேன்:
முப்பத்தொரு தாள், ஒரு சிவப்புப் பேனை,
வலயம் அனுப்பிய புள்ளித் திட்டம்.

விசையை அளக்கும் அலகு யாது?
நியூற்றன், நியூட்டன், நூற்றன், நியூற்றம்.
எழுத்துப்பிழைக்கு நான் புள்ளி வெட்டுவதில்லை.
பதினேழாவது தாளில் டினோஜன்
'ஆள்' என்று எழுதியிருக்கிறான்.
கீழே விளக்கமும் உண்டு:
'சேற்றில் நின்ற ஏழு மணி பஸ்ஸைத் தள்ள எட்டு ஆள்.
இரவு மழை பெய்திருந்தால் பதினொரு ஆள்.
ஒருவர் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்து வருவார்.
அவரைக் கணக்கில் எடுக்கக் கூடாது.'

பிழை போடப்போன பேனை நின்றது.
அந்த ஒருவர் நான்.
சேலைக்கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்
மற்றக் கையில் எத்தனை நியூற்றன் மிஞ்சும்?
பிழைதான் போட்டேன்.
பக்கத்தில், சின்னதாய், 'உண்மை' என்றும் எழுதினேன்.

முட்டை நன்னீரில் அமிழ்ந்தது, உப்புநீரில் மிதந்தது.
காரணம் தருக.
திட்டம் ஒரே வரியை எதிர்பார்க்கிறது.
கம்ஷிகா ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள்:
'விதைக்க முதல் வாளியில் உப்புக் கரைப்போம்.
முட்டை ஒரு குத்தியளவு வெளியே தெரிந்தால் உப்புக் காணும்.
பிறகு நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும்,
மணி அடியில் கிடக்கும்.
அம்மா முட்டையைக் கழுவிப் பொரிப்பா.
நல்ல தண்ணீரிலேயே மிதந்தால் அது கூழ்முட்டை,
அதை எறிந்துவிடுவோம்.'
அடர்த்தி என்ற சொல் எங்கேயும் இல்லை,
வாளி நிறைய அடர்த்தி.
இரண்டுக்கு ஒன்றரை.
அரைப் புள்ளியை ஏன் பிடித்தீர்கள் ரீச்சர் என்று
அவள் வந்து கேட்பாள்.
பதில் யோசிக்க வேண்டும்.

உராய்வால் நன்மை ஒன்று, தீமை ஒன்று.
முப்பது பேரும் நடக்கலாம் என்றும்
செருப்புத் தேயும் என்றும் எழுத,
பிருந்திகா மட்டும்:
'நன்மை: அப்பாவின் ஊன்றுகோல்
சீமெந்து நிலத்தில் வழுக்காமல் நிற்கும்.
தீமை: அதனாலேயே அடி றப்பர்
மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும்.
கடையில் விலை கூட. சைக்கிள் ரயர் வெட்டிப் போடுகிறோம்.
பின் ரயர் சரிவராது, அது ஏற்கெனவே தேய்ந்தது.
முன் ரயர் நல்லது.'
இரண்டு புள்ளி.
திட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை.
அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் திருப்பாமல் வைத்திருந்தேன்.

கடைசித் தாள் லதுசனுடையது.
மேசையில் கிடக்கும் பெட்டி ஒன்றைக் கீறி
விசைகளை அம்புக்குறியால் காட்டச் சொன்னால்,
இவன் புதைந்த லாண்ட்மாஸ்டர் கீறியிருக்கிறான்.
நிறை கீழே. நிலம் தாங்குவது மேலே.
கயிறு இழுப்பது முன்னால், சேறு மறிப்பது பின்னால்.
அம்புகளின் நீளம்கூடச் சரி.
ஐந்தாவதாய் ஓர் அம்பு,
ஓட்டுகிறவரின் வாயிலிருந்து புறப்பட்டு வானத்துக்கு:
'பேச்சு. இது விசை அல்ல. ஆனாலும் இருந்தது.'

தனியே இருந்து சத்தமாய்ச் சிரித்தேன்.
நாலு போடப் போனால் பேனை வழுக்குகிறது,
மை பிடிக்கவில்லை.
ரோல்ஸ் தின்ற கையோடு எழுதியிருக்கிறான்,
மூலையில் விரலளவு எண்ணெய்.
அழுத்தினேன். வெறும் கோடுதான் விழுந்தது.
கொஞ்சம் தள்ளி,
கடதாசி சொரசொரவென்று எதிர்த்த இடத்தில்
நாலு உட்கார்ந்தது.

தகரத்தில் மழை தொடங்கிவிட்டது.
நாளைக்குப் பதினொரு ஆள்.
சேறு பட்டாலும் கவலையில்லாத சேலை ஒன்று
இங்கே எங்கேயோ கிடந்தது.