ஒண்ட வந்தது

காய்ச்சல் முப்பத்தெட்டரை.
ஆய்வுக்கூடத்துக்குள் வராதே என்றுவிட்டார் ஃபெர்லிண்டன்.
கதவில் அவர் கையெழுத்தில் ஒரு தாள்:
"தும்முகிறவர்கள் திரும்பிப் போகலாம்."

லூவன் நகரத்து நவம்பர் மழையில்
சைக்கிளை உருட்டிக்கொண்டே திரும்பினேன்.

உள்ளே, வெதுவெதுப்பில்,
என் கிண்ணங்கள். ஐந்தாம் நாள்.
கரு அல்ல.
கருவைப்போல் நடந்துகொள்ளத் தெரிந்த
உயிரணு உருண்டைகள்.
கேழ்வரகில் ஒன்றை எடுத்துப் பத்தாய் நறுக்கினால்
அதில் ஒரு துண்டு இருக்கும், அவ்வளவுதான்.

பாதிக் கிண்ணங்களில் நான் ஒரு வாயை அடைத்திருந்தேன்.
டி.என்.ஏ.வில் ஒரு துண்டின் வாயை.
நம்முடையது அல்ல அது.
கோடி வருடத்துக்கு முன்போ என்னவோ
ஏதோ மரக்கிளையில்
வாலில்லாக் குரங்கொன்று சுருண்டு கிடந்தபோது
உள்ளே நுழைந்த வைரஸ்.
நுரையீரலோடு நின்றிருந்தால் குரங்கோடு செத்திருக்கும்.
விதைவரைக்கும் போய்விட்டது.
பிள்ளைக்கும் பேரனுக்கும்
மூக்கு, முழி, கூடவே இதுவும்.

ஒண்ட வந்த பிடாரி
ஊர்ப் பிடாரியை விரட்டும் என்பார்கள்.
இது விரட்டவில்லை.
ஊர் என்று ஒன்று உண்டாவதற்கே
முதல் விளக்கை இதுதான் ஏற்றுகிறதோ
என்பது என் சந்தேகம்.
சில நாள் எரியும். பிறகு அணைந்துவிடும்.
அதற்குப் பின் வளர்கிற யாருக்கும்
அதன் முகம் தெரியாது.

நாலு மணிக்கு வானெஸ் கூப்பிட்டான்.
"அடைக்காததில் குளம் கட்டியிருக்கு.
ஓரத்தில் கொத்தும் இருக்கு, அழகா.
நாற்பத்தொன்று எண்ணினேன்."

"அடைத்தது?"

நாற்காலி நகர்கிற சத்தம்.
"கறுத்துப்போச்சு, ரைன்ஹில்டே. எல்லாமே."

என் சந்தேகம் சரிதான்.
சந்தோஷப்பட வேண்டிய இடம்.
போர்வைக்குள் என் வயிற்றின்மேல்
கை தானாகப் போய் இருந்தது.
நானும் ஒருகாலத்தில் ஐந்தாம் நாளில் இருந்தேன்.
எனக்குள்ளும் அந்த வாய்
யாரும் அடைக்காமல் திறந்திருந்திருக்கிறது.
அந்தக் குரங்கின் கதவில்
யாரும் தாள் ஒட்டவில்லை.

தும்மினேன். இன்னொரு தும்மல்.
இந்த வாரத்து வைரஸுக்கு
அவ்வளவு பொறுமை கிடையாது.
மூக்கோடு வந்தது.
திங்கட்கிழமைக்குள் மூக்கோடு போய்விடும்,
என்னிடம் எதையும் கற்காமல்,
எதையும் விட்டுவைக்காமல்.

வானெஸ் இன்னும் லைனில் இருந்தான்.
"படம் எடுத்து வை," என்றேன்.
"கறுத்ததையும்."