தொடர்பு அற்றவர்கள்: அறுபத்தொன்று

குவோபியோவில் நவம்பர்.
மூன்று மணிக்கே வெளிச்சம் கடையைச் சாத்திவிட்டது.
உறையலாமா வேண்டாமா என்று
இன்னும் முடிவெடுக்காத ஏரி.

மனநலத் துறையின் நான்காம் தளத்தில்
நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருக்கிறார்கள்.
ஏலக்காய் ரொட்டி, காபி,
நடு மேசையில் விருது:
உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடிச் சொட்டு.
கண்ணீரா ரத்தமா என்று
வடித்தவர் எழுதி வைக்கவில்லை.

பேராசிரியர் ஹிர்வெலா மைக்கைத் தட்டுகிறார்.
இருபத்திரண்டு ஆண்டுகள்.
மனச்சோர்வோடு வாழும் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்.
முப்பத்தெட்டுக் கட்டுரைகள்.
கைதட்டுகிறோம். நல்ல மனிதர்,
யாரையும் மறக்கமாட்டார்.
என் பெயரும் திரையில் வருகிறது,
கடைசிக்கு முந்தியதாக,
குளிர்பெட்டி வாங்கித் தந்த அறக்கட்டளைக்கு மேலே.

நான் ரத்தம் எடுத்தவள்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு முழங்கை மடிப்புகளை அறிவேன்.
எந்த நரம்பு ஒளியும், எது உருளும்,
யார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்,
குழாய் நிரம்பும்வரை
யார் கண்ணெடுக்காமல் பார்ப்பார்.
கேள்வித்தாளில் ஒன்பதாம் கேள்விக்கு முன்
பேனா நின்றுவிடும் நேரத்தை அளக்க
எங்களிடம் கருவி இருந்ததில்லை.
அப்போதெல்லாம் எனக்கு
ஜன்னலில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இரண்டாம் அட்டவணை.
அடியில், எறும்பளவு எழுத்தில்,
தொடர்பு அற்றவர்கள்: அறுபத்தொன்று.
பச்சை ஒளிப்புள்ளி அதன்மேல் ஒரு கணம் நின்று
தாண்டிப் போகிறது.

0417.
பெயரைச் சொல்லமாட்டேன், கையெழுத்திட்டிருக்கிறேன்.
மரலாரி ஓட்டியவர்.
பனியைத் துளைத்துப் பிடித்த மீனை
செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார்.
நான் இவ்வளவு தருகிறேன்,
நீ ஒரு கோப்பை காபிதான் தருகிறாய், கணக்கு உதைக்கிறதே என்பார்.
பத்தாம் ஆண்டு நான் அனுப்பிய கடிதம்
என்னிடமே திரும்பி வந்தது.
போனில் ஒரு பெண்குரல்,
இந்த எண் இப்போது எவருடையதும் அல்ல என்றது.
கட்டத்தில் '3' என்று நிரப்பினேன்.
மூன்று என்றால் காரணம் தெரியவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்கிறது.
இரண்டாம் குளிர்பெட்டி. கழித்தல் எழுபத்தொன்று.
எண்பதில் இருக்கவேண்டியது.

படியிறங்கி ஓடுகிறேன். பின்னால் செனாயித்,
இளம் ஆய்வாளர் விருதுக்குக் கொடுத்த பூங்கொத்தோடு.
எரித்ரியாவிலிருந்து வந்து ஏழு குளிர்காலம் ஆகியும்
சத்தமாகவே நடுங்குபவள்.
பூக்களைத் தரையில் எறிந்துவிட்டு
தடித்த நீலக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.
கதவைத் திறந்ததும் வெள்ளை ஆவி எங்கள் முட்டிவரை விழுந்தது.
அடுக்கடுக்காய் எடுத்து
பக்கத்துப் பெட்டிக்கு மாற்றினோம்.
ஒட்டுத்தாள்களில் என் பழைய கையெழுத்து,
இப்போதையதைவிட நேராக, அவசரமே இல்லாமல்.

'இந்த வரிசையில் ஒன்பதுதான் இருக்கிறது.
மிச்சக் குழியெல்லாம் ஏன் காலி?'

அவள் தூக்கிப் பிடித்திருந்தது 0417.

இடப்பற்றாக்குறை என்று மும்முறை கடிதம் வந்தது எனக்கு.
காலிக் குழிகளை வேறு எண்களுக்குக் கொடுக்கச் சொல்லி.
மும்முறையும் ஆகட்டும் என்று பதில் போட்டேன்.
கொடுக்கவில்லை.

'அது அவருடைய இடம்' என்றேன்.

செனாயித் ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்பது குழாய்களையும் பதின்மூன்று காலிக் குழிகளையும்
சிந்திவிடக்கூடியது எதையோ ஏந்துவதுபோல் ஏந்திப்போய்
புதிய தட்டில் வைத்தாள்.
அதன் பிறகு ஒவ்வொரு காலி வரிசையையும் அப்படியே.

மேலே படம் எடுத்துவிட்டார்களாம், நாங்கள் இல்லாமல்.
ஹிர்வெலா இறங்கி வந்தார்.
இரு கையிலும் காபி,
வைக்க இடமில்லாமல் கண்ணாடிச் சொட்டு கக்கத்தில்.
மூச்சு வாங்கக் கேட்டார்,
'எல்லாரும் இருக்கிறார்களா?'

காபியை வாங்கிக்கொண்டேன்.
பெட்டியின் கதவில் சிவப்பு எண் எழுபத்து நான்கில் நின்றது,
வெகுநேரம்.
பிறகு எழுபத்தைந்து.